படத்தில் இல்லாத முதுகு

மனிதனுக்கு முகம் என்று ஒன்று இருப்பதைக் கடைசிவரை ஒப்புக்கொள்ளாத ஒரே ஆள் எங்கள் ஊர் முதுகு டெய்லர்தான். ஞானஸ்நானத்தில் அவருக்கு ஒரு பெயர் வைத்திருப்பார்கள். அது கோயில் புத்தகத்தில் கிடக்கட்டும். ஊருக்கு அவர் முதுகு டெய்லர்.

எதிரே வந்து நின்று பல்லைக் காட்டினாலும் அவருக்கு ஆளைத் தெரியாது. முன்பின் அறியாதவனைப் பார்ப்பது போல் பார்ப்பார். நான் கடந்து நாலடி போன பிறகு பின்னாலிருந்து சத்தம் வரும்.

"ஆரு, அந்தோனியா? வலது தோள் ஏறிக் கிடக்குது. துடுப்பைப் பக்கம் மாத்திப் புடி."

பூசைக்கு வந்தால் கடைசி வாங்கில்தான் இருப்பார். பீடத்தில் நடப்பது அவருக்குத் தேவையில்லை. முன்னால் வரிசை வரிசையாக முதுகுகள் இருந்தால் போதும். யாருக்கு இடுப்பு வலி, யார் இரவு குடித்தான், எவள் புருஷனோடு சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறாள் என்பதெல்லாம் பூசை முடிவதற்குள் அவருக்குத் தெரிந்துவிடும்.

ஒருமுறை ஊர் அதிகாரி விதானையார் வீட்டில் கோழி களவு போனது. கோழியோடு ஓடியவனைக் கண்ட ஒரே சாட்சி டெய்லர். சந்தேகப்பட்ட ஐந்து பேரை விதானையார் நிறுத்தினார். "திருப்பி விடுங்க," என்றார் டெய்லர். திருப்பினார்கள். அவர்களில் ஒருவனும் இல்லை என்றார். அந்த நேரம் பார்த்து விதானையாரின் மச்சான் தண்ணீர் குடிக்க உள்ளே திரும்பினார்.

"இந்தா, இந்த முதுகுதான்!"

வழக்கு அத்தோடு முடிந்தது. கோழி வரவில்லை. டெய்லருக்குக் கண் பழுது என்று எழுதிக்கொண்டார்கள். அந்தக் காலத்து நியாயம் அப்படி. இந்தக் காலத்து நியாயத்தைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள்.

எங்கள் கரையில் ஒரு வழக்கம் இருந்தது. வாழ்நாள் முழுவதும் சாரத்தைத் தவிர வேறொன்றும் உடுத்தாத மீன்பிடிகாரன் செத்தால், கோட்டுப் போட்டுத்தான் பெட்டியில் வைக்க வேண்டும். வெயிலோ பொறுக்காது. காலையில் செத்தவனுக்குப் பின்னேரத்துக்குள் கோட்டு வேண்டும். அதனால் டெய்லர்மார் முன்பக்கமும் கைகளும் மட்டும் தைப்பார்கள். பின்னால் இரண்டு நாடா. கழுத்தில் ஒரு முடிச்சு, இடுப்பில் ஒரு முடிச்சு, ஆளைப் படுக்க வைத்தால் வேலை முடிந்தது. யார் திருப்பிப் பார்க்கப் போகிறார்கள்?

இவரும் ஒரு காலத்தில் அப்படித்தான் தைத்தார். ஊரில் பாதியைச் சாய்த்த காய்ச்சல் வருஷத்துக்குப் பிறகு நிறுத்திவிட்டார். முதுகில்லாத கோட்டு இனித் தன் கடையில் கிடையாது என்றார். ஏன் என்று அவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. எங்களுக்குக் கேலி செய்யவே நேரம் போதவில்லை. அந்தப் பட்டப்பெயரும் அப்போது வைத்ததுதான்.

கள்ளுத் தவறணைக்காரர் செத்த அன்று பெரிய கூத்து நடந்தது. ஆள் பத்தாயம் போல் பருமன். டெய்லர் உட்கார்ந்து முழு முதுகையும் நிதானமாகத் தைத்துக்கொண்டிருக்கிறார். கோயில் மணி இரண்டு தரம் அடித்து ஓய்ந்தது. கடைசியில் பங்குச் சுவாமியே அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கடைக்கு வந்தார்.

"டெய்லர், சவத்துக்கு என்னத்துக்கு முதுகு?"

"சுவாமி, கடைசி நாளில எல்லாரும் எழும்புவம் எண்டு நீங்கதானே பிரசங்கம் வைச்சீங்க?"

"ஓம்."

"எழும்பி வரிசையில நிக்கக்குள்ள, பின்னால நிக்கிறவன் என்ன கண்ணைப் பொத்திக்கொண்டா நிப்பான்?"

சுவாமி கதிரையில் உட்கார்ந்து காத்திருந்தார். மத்தியானம் போகவேண்டிய பெட்டி அந்தி சாயும்போது போனது. வாசனையைப் பற்றி எழுதினால் பத்திரிகை ஆசிரியர் வெட்டிவிடுவார். அதனால் எழுதவில்லை.

இனி ஒல்லாந்தன் கோட்டுக்கு, அதாவது டச்சுக்காரன் கோட்டுக்கு, வருகிறேன். எங்கள் கோயில் திருநாளுக்கு நாடகம் ஆடுவோம். நாடகத்தில் வரும் ராசா எந்தத் தேசத்து ராசாவாக இருந்தாலும் உடுப்பு ஒன்றுதான். முழங்கால் வரை தொங்கும் கோட்டு, முழங்காலோடு நின்றுவிடும் காற்சட்டை, வெள்ளைக் காலுறை, கழுத்தில் சரிகைப் பூ, தலையில் வெள்ளைப் பொய்முடி. நூற்றைம்பது வருஷத்துக்கு முன் கற்பிட்டிக் கோட்டையில் இருந்த ஒல்லாந்தனைப் பார்த்துவிட்டு, ராசா என்றால் இவன்தான் என்று எங்கள் ஆட்கள் முடிவு கட்டிவிட்டார்கள். பிறகு இங்கிலீசுக்காரன் வந்தான். அவனுடைய காக்கிக் காற்சட்டையைப் பார்த்து ஒருவரும் மனம் மாறவில்லை.

பெற்றோமாக்ஸ் வெளிச்சத்தில் அந்த உடுப்பு தகதகவென்று இருக்கும். ஆனால் அந்த வருஷம் யப்பான்காரன் வருகிறான் என்று கடற்கரையில் விளக்கு வைக்கத் தடை. நாடகத்தைப் பகலில் ஆட வேண்டும். பெட்டியைத் திறந்து ராசாவின் கோட்டை வெயிலில் விரித்தார்கள். அது எலி தின்ற சாக்கு. அதில் ஈயத்தாள் ஒட்டியிருந்தது, அதுவும் முன்பக்கத்தில் மட்டும்.

ராசா நான். நாடகம் பழக்குகிற அண்ணாவியார் என்னை இழுத்துக்கொண்டு முதுகு டெய்லரிடம் போனார். டெய்லர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"திரும்பு."

திரும்பினேன். தோளுக்குத் தோள் சாணால் அளந்தார், மறுபடியும் அளந்தார். அண்ணாவியார் இருமினார்.

"தைக்கிறன்," என்றார் டெய்லர். "ஆனா எனக்கு ஒரு ஒல்லாந்தனைக் காட்டுங்க."

முந்தலில் ஒரு தென்னந்தோட்டத்து முதலாளியின் பங்களாவில் ஒல்லாந்தன் இருந்தான். ஆள் உயரத்துக்கு எண்ணெய்ப் படம். சிவப்புக் கோட்டு, பித்தளைப் பொத்தான், மணிக்கட்டில் நுரை போல் சரிகை, மாப் பூசின பொய்முடி. டெய்லரும் நானும் போனோம். டெய்லர் பொத்தான்களை எண்ணினார், கைமடிப்பைச் சாணால் அளந்தார். பிறகு கேட்டார்:

"முதலாளி, ஒருக்காத் திருப்பலாமோ?"

"எதை?"

"ஆளை."

முதலாளி பகிடி என்று நினைத்துச் சிரித்துவிட்டு வெற்றிலைக்கு உள்ளே போனார். அவர் திரும்பி வந்தபோது டெய்லர் கதிரையில் ஏறி நின்று ஒல்லாந்தனைச் சுவர்ப்பக்கம் திருப்பியிருந்தார். படத்தின் பின்னால் ஒட்டடை, பல்லி முட்டை, நாலு சட்டம்.

"அந்தோனி," என்றார். "இவனுக்கும் ஆரோ முன்பக்கத்தை மட்டும் தைச்சு விட்டுட்டானுகள்."

முதலாளி நாயை அவிழ்த்துவிட்டார். கேற்றுக்கு வெளியே நின்று மூச்சு வாங்கும்போது அவரை நன்றாக ஏசினேன். அவர் காதில் விழவில்லை. "முதுகு பாக்காமத் தைக்க மாட்டன்," என்றார்.

சிலாபத்தில் ஒரு தகரக் கொட்டகையில் பகல் ஆட்டம் பயாஸ்கோப்பு நடந்தது. பழைய ராசா காலத்து இங்கிலீசுப் படம், எல்லாரும் பொய்முடி போட்டிருக்கிறார்கள் என்று மீன் லொறிக்காரன் ஒருவன் வந்து சொன்னான். "அது அசையிற படம் மாமா, ஆள் நடக்கும், திரும்பும்," என்று நான்தான் வாயைக் கொடுத்தேன். அடுத்த நாளே பஸ் ஏறிவிட்டோம்.

அந்தக் கொட்டகையில் திரைக்குப் பின்னாலும் வாங்கு போட்டிருந்தார்கள். வசதியில்லாத ஆட்கள் அங்கேயிருந்து பார்ப்பார்கள். டெய்லர் விசாரித்துவிட்டுப் பெரிய சந்தோசத்தோடு வந்தார்.

"அந்தோனி, நமக்குப் பின்பக்கம். முன்னுக்கு இருக்கிற மடையன் முகத்தைப் பாக்கட்டும். நாம முதுகைப் பாப்பம்."

படம் தொடங்கியது. கோழி அடைக்கிற கரப்பை இடுப்பில் கட்டினது போல் பாவாடை போட்டுக்கொண்டு பெண்கள் வந்தார்கள். ஒரு ராசா வந்தான். முகத்தோடு வந்தான். டெய்லர் எழும்பிவிட்டார்.

"இஞ்சயும் முகந்தானா? நான் காசு குடுத்தது முதுகுக்கு!"

"இரும் காணும்!" என்று கொட்டகை முழுவதும் கத்தியது. "திரும்படா! திரும்பு!" என்று அவர் ராசாவைப் பார்த்துக் கத்தினார். ஒரு கட்டத்தில் ராசா கோபித்துக்கொண்டு கதவைத் திறந்து வெளியே போனான். இரண்டு நொடி இருக்கும். இடுப்பில் இரண்டு பொத்தான், நடுவில் ஒரு பிளவு, இரண்டு பக்கமும் விசிறி போல் மடிப்பு. கதவு மூடிவிட்டது.

"நில்லடா டேய்!"

அந்த இரண்டு நொடிக்காக மூன்று நாள் அதே படத்துக்குப் போனோம். மூன்றாம் நாள் அவர் துணியில் கோடு கீறுகிற சோக்கட்டி கொண்டுவந்தார். ராசா கதவைத் திறக்கும் நேரம் என்னைக் குனியச் சொல்லி, என் சட்டையின் முதுகிலேயே கோட்டைக் கீறிவிட்டார். அது அழியக் கூடாது. ஆகவே சிலாபத்திலிருந்து முந்தல் வரை நான் பஸ்ஸில் சாயக் கூடாது.

கொண்டக்டர் புத்தளத்து முஸ்லிம் நானா ஒருவர். "இருங்க தம்பி, இடம் ஈக்கிது," என்றார்.

"சாயக் கூடாது நானா."

"ஏன், முதுகில புண்ணா?"

"புண்ணில்ல, கோட்டு," என்றார் டெய்லர்.

நானா சுற்றி வந்து பார்த்தார். "அல்லாஹ்வே! இது கோட்டா, கப்பல் போற வழியா?" பஸ் முழுவதும் சிரித்தது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அந்தச் சட்டை திரும்ப எனக்குக் கிடைக்கவே இல்லை.

யுத்த காலம். துணி கூப்பனுக்குத்தான். கோயிலில் கழித்துப்போட்ட சிவப்புத் திரைச்சீலை முன்பக்கத்துக்கும் கைக்கும் சரியாகப் போனது. முதுகுக்குக் காணாது. இனி என்ன செய்வது என்று நான் எரிந்து விழுந்தேன். டெய்லர் அலுமாரியைத் திறந்தார். அடித்தட்டிலிருந்து மடித்த கருநீலத் துணி ஒன்றை எடுத்தார். வெட்டின துணி. ஓரத்தில் சோக்கட்டிக் கோடு இன்னும் இருந்தது. என்னைத் திருப்பி முதுகில் வைத்தார். தோளுக்குத் தோள் அப்படியே பொருந்தியது.

"இது ஆருக்கு வெட்டினது மாமா?"

"பவுலுக்கு."

பவுல் அவருடைய ஒரே மகன். என் வயது. ஒரே வள்ளத்தில் போனவர்கள் நாங்கள். காய்ச்சல் வருஷம் போய்விட்டான்.

"அண்டைக்கு அஞ்சு வீட்டில சவம். எல்லாரும் வாசலில வந்து நிக்கிறாங்க. எல்லாருக்கும் முன்பக்கம் தைச்சன். கடைசியா அவனுக்கும் முன்பக்கந்தான். முதுகை வெட்டி வைச்சிட்டன். மூட்டுறதுக்குள்ள பெட்டியை மூடிட்டாங்க." நூலைப் பல்லால் கடித்தார். "உன்ட முதுகும் அவன்ட முதுகும் ஒண்டு, அந்தோனி. இப்பிடி முதுகில வைச்சுத் தைச்சால் சுருக்கு இருக்காது. அசையாத."

அசையவில்லை. யார் மேல் கோபப்படுவது என்று எனக்குத் தெரியவில்லை. பெட்டியை மூடச் சொன்னவர்களில் நானும் நின்றேன். வெளியே வந்து அண்ணாவியாரோடு சண்டை போட்டேன். அவர் ஒன்றும் செய்யவில்லை. கண்ணில் பட்டார், அவ்வளவுதான்.

நாடகத்தன்று கொளுத்தும் வெயில். பொய்முடியைத் தூண்டில் நூலால் கட்டியிருந்தார்கள். மாவுக்குத் தட்டுப்பாடு, அதனால் கணவாய் மீனின் ஓட்டை இடித்துப் பூசியிருந்தார்கள். வேர்வை பட்டதும் அது நாறத் தொடங்கியது. மூன்று காகங்கள் ராசாவை விடாமல் சுற்றின. முன்னால் சிவப்பு, பின்னால் நீலம்.

"முன்னுக்கு ஒல்லாந்தன், பின்னுக்கு ஆரு, பொலிசோ?" என்று ஒருவன் கத்தினான்.

நாடகக் களரியைச் சுற்றிச் சனம். நான் சுழன்று ஆடினேன். திருக்கை மீன் செட்டையை விரிப்பது போல் பின்மடிப்பு விரிந்தது. அதைக் கண்டு சிரிப்பு அடங்கிவிட்டது என்று எழுத ஆசைதான். அடங்கவில்லை. எங்கள் ஊர் அவ்வளவு நல்ல ஊர் இல்லை.

டெய்லர் மட்டும் சிரிக்கவில்லை. நான் எந்தப் பக்கம் திரும்பினாலும் எழும்பி எனக்குப் பின்பக்கமாக வந்து உட்கார்ந்தார். ராசாவின் முகத்தை அவர் ஒரு தரமும் பார்க்கவில்லை. நாடகம் முடிந்தது, சனம் கலைந்தது. எனக்குப் பின்னால் அவர் நிற்பது தெரிந்தது.

"எப்படி மாமா?" என்று திரும்பப் போனேன்.

"திரும்பாத. இன்னும் கொஞ்சம் நில்லு."

நின்றேன். காகம் ஒன்று தலையில் வந்து உட்கார்ந்தது. அதை விரட்டாமல் நின்றேன்.

யுத்தம் முடியும் முன்னே டெய்லர் செத்துப்போனார். பக்கத்து ஊர் டெய்லர் அவசரமாக ஒரு கோட்டுக் கொண்டுவந்தான். பின்னால் இரண்டு நாடா. அதைச் சுருட்டி அவன் முகத்திலேயே எறிந்தேன். நாடகப் பெட்டியிலிருந்து ராசாவின் கோட்டை எடுத்து வந்தேன்.

"நாடக உடுப்போட அடக்கமா?" என்றார் சுவாமி.

"சுவாமி, கடைசி நாளில எல்லாரும் எழும்பி..."

சுவாமி கையை உயர்த்தினார். "போடு," என்றார்.

தோள் தொளதொளவென்று இருந்தது. கை விரல்வரை வந்தது. சவ வீட்டிலும் இரண்டு பேர் சிரித்தார்கள். அவர்கள் பெயர் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. பெட்டியில் கிடத்துவதற்கு முன், தூக்கினவர்களிடம் சொன்னேன்.

"ஒருக்காத் திருப்புங்க."

"என்னத்துக்கு?"

"திருப்புங்கடா!"

திருப்பினார்கள். மடிப்புகளை இழுத்து நேராக்கினேன். மூட்டுத் தையலில் ஒரு சுருக்கும் இல்லை. பிறகு அவரைக் கிடத்தி, கோட்டுப் பைக்குள் ஓர் ஊசியும் ஒரு நூல்கட்டையும் வைத்தேன். அங்கே போய் அந்த முதுகைப் பிரித்தெடுத்துப் பவுலுடைய கோட்டில் வைத்துத் தைக்க அவருக்கு வேண்டியிருக்கும்.