பெத்தோங்கில் நான் ஊற்றிய எண்ணெய்

உலகத்தைக் காப்பாற்றத் துடிக்கும் பட்டதாரியிடம் அடுத்தவர் காரைக் கொடுக்கக் கூடாது. என்னிடம் கொடுத்தார்கள், அதுவும் பெண் தரலாமா என்று எடைபோடுவதற்காக.

கவிதாவின் அப்பா மலேசிய எல்லையோர ஊரான பாலிங்கில் மளிகைக் கடை வைத்திருந்தார். "பெத்தோங் வரைக்கும் போய்ட்டு வருவோம், தம்பி. நீங்களே ஓட்டுங்க," என்றார். எல்லைக்கு அப்பால் தாய்லாந்தின் மலைப்பட்டணம் அது. காருக்கு இருபது வயது. ஞாயிறுதோறும் அவரே துடைப்பார்.

இங்கே விலை மலிவு என்பதால், எல்லை தாண்டுமுன் எண்ணெய் நிரப்பிக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம் (பெட்ரோலைத்தான் எண்ணெய் என்போம்). நான் வேண்டுமென்றே நிரப்பவில்லை. பிரேசிலில் கார்கள் கரும்பு எத்தனாலில் ஓடுவதைப் பற்றி ஆய்வேடு எழுதியவன் நான். தாய்லாந்திலும் எத்தனால் கலந்து விற்கிறார்கள்.

திரும்பும் வழியில் பெத்தோங்கில் நிறுத்தினேன். ஆறு குழாய்கள், ஆறு நிறங்கள். நம் ஊரில் சாதாரண எண்ணெய்க்கு மஞ்சள் குழாய்; அங்கே எந்த நிறம்? இது கரும்பா, மரவள்ளியா? மரவள்ளி என்றால் ஏழைகளின் உணவு குறையாதா? நான் விளைவுகளைச் சீர்தூக்க, பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. பதறிப்போய், எண்பத்தைந்து விழுக்காடு எத்தனால் கலந்ததைக் காட்டினேன். பணிப்பெண் காரைப் பார்த்துத் தலையசைத்து, வேறு குழாயைக் காட்டினார். (விலை கூடியதை விற்கப் பார்க்கிறாராம்! நானா ஏமாறுவேன்?)

"இங்க யாராச்சும் எண்ணெய் ஊத்துவாங்களா, தம்பி?"

"இது கரும்பு, அங்கிள்."

"கரும்பா? வண்டி பொங்கலா கொண்டாடுது?"

அதைக் குடிக்கத் தனியாகச் செய்த கார் வேண்டும். என் ஆய்வேட்டிலேயே அது இருந்தது, அடிக்குறிப்பாக.

எல்லை தாண்டிய முதல் ஏற்றத்தில் கார் இருமியது, விக்கியது, நின்றுவிட்டது.

பாமாயில் பிழியும் செம்பனைக் குலைகளை ஏற்றி வந்த லாரி உதவிக்கு நின்றது. லாரிக்காரர் கயிறு கட்டும்போது, மாற்று எரிபொருளின் அவசியத்தை அவருக்கு விளக்கினேன்.

"நம்ம ஊரு டீசல்லயே செம்பனை எண்ணெய் கலந்துதான் லா வருது. இந்த லாரி அதுலதான் ஓடுது. நான் என்ன சொல்லிக்கிட்டா திரியறேன்?"

இதற்கு மகிழ்வதா, அழியும் காடுகளுக்காக வருந்துவதா? குழப்பம் தீருமுன் கயிறு இழுத்துவிட்டது.

பாலிங் கடைத்தெருவே வேடிக்கை பார்க்க, லாரியின் பின்னால் போய்ச் சேர்ந்தோம். கவிதாவின் அப்பா இறங்கியதும் வாசலில் நின்ற மகளிடம் சொன்னார்: "பையன் நல்லவன்தான். கட்டிக்க. ஆனா எண்ணெய் மட்டும் நீ ஊத்து."

இன்றுவரை அப்படித்தான். எண்ணெய் நிலையத்தில் கவிதா இறங்குவாள்; நான் உள்ளேயே இருப்பேன். சென்ற வாரம் எங்கள் மகள் தன் தோழிக்குக் காரணம் சொல்லிக்கொண்டிருந்தாள்:

"எங்கப்பாவுக்கு எண்ணெயப் பத்தி ரொம்பத் தெரியும். அதான் இறங்க விடமாட்டோம்."