நாற்பது கம்பிக்கும் ஒரே சுருதி

எனக்குச் சங்கீதம் தெரியும் என்று நான் நம்பியதால், என் அக்காள் கணவருடைய உத்தியோகம் போகப் பார்த்தது. இதை நானே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இல்லாவிட்டால் அவர் சொல்லிவிடுவார். என்னைவிட நன்றாகவும் சொல்வார்.

யுத்த காலம். மச்சானுக்குப் புதுக்கோட்டையில் சர்க்கார் குமாஸ்தா வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை பதினொரு மணிக்குள் வந்து கையெழுத்துப் போடாவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவோம் என்று உத்தரவிலேயே எழுதியிருந்தார்கள். பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடிய பஸ்ஸை நம்பி யாரும் வேலையில் சேர முடியாது (மேடு வந்தால் நாம்தான் அதைத் தள்ள வேண்டும்). வீட்டில் இருந்த சைக்கிளுக்கோ பின்சக்கரத்து ரிம் துருவேறி, கம்பி கோத்த துளைகளைச் சுற்றி வெடித்திருந்தது. புதுச் சக்கரம் கிடைப்பதே அரிது. கிடைத்தாலும் விலை கைக்கு எட்டாது.

"சக்கரமே எதுக்கு மச்சான்? ரிம்மு மட்டுந்தான போச்சு. பழைய ரிம்மு ஒண்ணு வாங்குங்க, இந்தக் கம்பியையே மாட்டித் தாரேன்" என்றேன்.

"மாட்டத் தெரியுமா ஒனக்கு?"

"ஸ்கூல் பைனல் பாஸ் பண்ணியிருக்கேன்ல."

(எந்தக் கேள்விக்கும் அதுதான் பதில் என்று அப்போது நினைத்திருந்தேன்.)

சந்தையில் ரிம் அகப்பட்டது. கம்பிகளைக் கழற்றி, தேங்காய் நாரால் துரு போகத் தேய்த்து, முன்சக்கரத்தைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாகக் கோத்தேன். அப்போதுதான் எனக்குப் பித்துப் பிடித்தது. தனிக் கம்பியை விரலால் வளைத்துவிடலாம். அப்படிப்பட்ட நாற்பது சோணிகள் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டு நின்றால், மேலே ஓர் ஆளும் ஒரு மூட்டை நெல்லும் ஏறலாம். இதை யார் முதலில் நினைத்தது? வேலையை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சக்கரம் மாட்டுறானா, சாமி கும்புடுறானா?" என்றாள் அக்கா.

கம்பிகளை முறுக்கி ரிம்மின் நெளிவைச் சரிசெய்வதற்குக் கோட்டம் எடுப்பது என்று பெயர். மற்ற ஊர்க்காரர்கள் அதைக் கண்ணால் செய்வார்கள். நான் குடுமியான்மலைக்காரன், பாறையிலேயே சங்கீதத்தை வெட்டிவைத்த ஊர் (அதில் ஓர் எழுத்துகூட எனக்கு வாசிக்க வராது என்பது வேறு விஷயம்). ஒரு கம்பியைச் சுண்டினேன். 'ணங்' என்றது. அடுத்தது 'ணிங்' என்றது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. நாற்பதும் ஒரே குரலில் பேசினால் நாற்பதும் ஒரே அளவு இழுக்கும். சக்கரம் தானாக நேராகிவிடும். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் முறுக்குவதும் சுண்டுவதுமாக இருந்து, எல்லாவற்றையும் ஒரே சுருதியில் சேர்த்தேன். சக்கரம் துளியும் நெளியாமல் சுற்றியது.

மறுநாள் காலை மச்சான் மிதிக்க, நான் கேரியரில் உட்கார்ந்துகொண்டேன். என் வெற்றியை நான் பார்க்க வேண்டாமா? ஒரு மைல் தாண்டியதும் 'சர்ர்' என்று சத்தம் வந்தது.

"என்னமோ தேயுது மாப்ள."

"புதுசுல்ல மச்சான், பழகணும்."

"செருப்பா அது, பழகுறதுக்கு?"

அன்னவாசலுக்கு அரை மைல் இருக்கும்போது ரப்பர் கருகும் வாடை அடித்தது. பின்டயர் சைக்கிள் சட்டத்தின் இடப்பக்கக் குழாயோடு ஒட்டிக்கொண்டு, நகரமாட்டேன் என்றது. மச்சான் திட்டவில்லை. சட்டைப் பையிலிருந்த உத்தரவை எடுத்து ஒருமுறை படித்துவிட்டு மடித்து வைத்தார். அதற்கு என்னை நாலு சாத்துச் சாத்தியிருக்கலாம்.

பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்தபடி அன்னவாசல் சைக்கிள் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனோம். கடைக்காரன் சவரிமுத்து என்னோடு படித்தவன். காது மந்தம். வாத்தியார் கேட்பது காதில் விழாமலே அடிவாங்கி, ஸ்கூல் பைனலுக்கு முந்தின ஐந்தாம் பாரத்தோடு படிப்பை விட்டவன். அவனிடம் போய் நான் கத்துகிறேன்:

"நாப்பதும் ஒரே சுருதிடா. சுண்டிப் பாரு."

"சுண்டலா? காலங்காத்தாலயா?"

மச்சான் அந்த நேரத்திலும் சிரித்துவிட்டார். நான் அவன் காதருகே போய் மறுபடியும் கத்தினேன். சவரிமுத்து சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தான்.

"இங்கிட்டுப் பல்சக்கரம் இருக்கு, அங்கிட்டு இல்ல. பொறகு ரெண்டு பக்கமும் எப்படிடா ஒரே இழுப்பா இருக்கும்? பல்சக்கரத்துக்கு எடம் விட்டு இங்கிட்டுக் கம்பி நிமுந்து நிக்குது. இந்தப் பக்கம் கூட இழுத்தாத்தான் ரிம்மு நடுவுல நிக்கும். ஒன் சங்கீதம் முன்சக்கரத்துக்குத்தான் ஆகும்."

இரண்டிரண்டு கம்பியாக விரல்களுக்குள் நெரித்துப் பார்த்தான். வலப்பக்கம் கால் திருகு முறுக்கினான். இடப்பக்கம் கால் திருகு தளர்த்தினான். ரிம் மயிரிழை மயிரிழையாக நடுவுக்கு நகர்ந்தது. நான் நாள் முழுக்கக் காதால் தேடியதை அவன் விரல் நுனியில் வைத்திருந்தான். கடைசியில் கையால் ஒரு சுற்று விட்டான். சக்கரம் சுற்றுகிறதா, நிற்கிறதா என்று சொல்ல முடியவில்லை. அது நின்றதும் இந்தப் பக்கம் ஒரு கம்பியையும் அந்தப் பக்கம் ஒரு கம்பியையும் சுண்டினேன். இரண்டும் வேறு வேறு குரல். வாயைப் பிளந்துகொண்டு மறுபடியும் சுண்டினேன்.

"வாய மூடுடா, ஈ போகுது" என்றான் சவரிமுத்து.

நான் கேரியரைப் பிடித்தேன். மச்சான் என் கையை எடுத்துவிட்டார்.

"நீ நடந்தே வீட்டுக்குப் போ மாப்ள. ஒன் பாரமும் வேணாம், ஒன் சுருதியும் வேணாம்."

பதினொன்றாவதற்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அவர் கையெழுத்துப் போட்டார்.

போன தை மாதம் எனக்குப் பெண் பார்க்கப் போயிருந்தோம். "தம்பிக்குப் பாட்டுல ஈடுபாடு உண்டுங்களா?" என்று பெண்ணின் தகப்பனார் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மச்சான் முந்திக்கொண்டார்.

"நெறைய உண்டுங்க. வாசல்ல நிக்கிற ஒங்க சைக்கிள மட்டும் உள்ள எடுத்து வச்சிருங்க."

பெண் கொடுத்துவிட்டார்கள். மாமனார் வீட்டுக்கு நான் போகும்போதெல்லாம் அவருடைய சைக்கிள் அடுக்களையில் இருக்கிறது.