கடலுக்கு மேட்சிங் பிட்

வடசென்னையில் கடலை ஒரு புடவையாகவே பார்த்த பிறவி எங்கள் வகுப்பில் 'மேட்சிங்' என்று பட்டப்பெயர் வாங்கிய ஒருத்திதான். இன்னொருத்தி இருந்திருந்தால் ஊர் தாங்கியிருக்காது. நான் நிச்சயம் தாங்கியிருக்க மாட்டேன்.

வண்ணாரப்பேட்டையில் அவளுடைய மாமா ஒரு மேட்சிங் சென்டர் வைத்திருந்தார். கல்லூரி விட்டதும் அவள் அங்கேதான் நிற்பாள். அதனால் பை நிறைய ஜாக்கெட் பிட்டின் ஓரத்துண்டுகள். பாடம் நடக்கும்போதே ஒரு துண்டைத் தூக்கிப் பிடித்து, "சார், உங்க சட்ட ஸ்கை ப்ளூ இல்ல, ராமர் கலரு" என்பாள். சாரும் குனிந்து தன் சட்டையைப் பார்ப்பார். நான் கேட்ட சந்தேகத்துக்கு அவர் ஒரு நாளும் அப்படிக் குனிந்ததில்லை.

புவியியல் கடைசி வருடத்தில் டிஜிட்டல் மேப்பிங்கும் வெப் டிசைனும் வந்தன. நம் பகுதியைக் கம்ப்யூட்டரில் வரைபடமாக்கி, அதற்கு ஒரு வலைப்பக்கம் செய்து, பெற்றோர் வரும் நாளில் காட்ட வேண்டும். எனக்கு அது மானப் பிரச்சினை. அப்பா மணலியில் டேங்கர் லாரி ஓட்டுகிறார். "வழிதான் போன்லயே சொல்லுதே, அத்த எதுக்கும்மா மூணு வருசம் படிக்கிற?" என்று சாப்பிட உட்காரும்போதெல்லாம் கேட்பார். ஒரே ஒரு தடவை, நான் போட்ட மேப்பின் முன்னால் அவர் வாயைப் பிளந்து நிற்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

ஆகவே எல்லாம் முறைப்படி செய்தேன். தண்ணீர் நீலம், செடிகொடி பச்சை. எண்ணூரிலிருந்து ராயபுரம் வரை சந்துபொந்து விடாமல் சாட்டிலைட் படத்தின்மேல் கோடு இழுத்து இழுத்துக் கண் பூத்துப்போனது. மேட்சிங் அதற்குள் சாருடன் சண்டைக்கு நின்றாள்.

"கடலு நீலமா? எந்தக் கடலு சார்? எங்க வூட்டு மாடிலேர்ந்து பாருங்க, எலிக்கலரு கீது."

"அதுதாம்மா ஸ்டாண்டர்ட்."

"ஸ்டாண்டர்ட் பாத்து ஜாக்கெட் தச்சா போட்டுக்கினு வெளிய போவ முடியுமா சார்?"

சார் சிரித்துவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை துணைக்கு என்று என்னைத் திருவொற்றியூர் கரைக்கு இழுத்துப் போனாள். பாறைமேல் நின்று துண்டு துண்டாக எடுத்து அலைக்கு நேரே பிடித்தாள். வலை பிரித்துக்கொண்டிருந்த அண்ணன் ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா, கடலுக்கு ஜாக்கெட் தைக்கப் போறியா?"

"ஆமாண்ணே. லைனிங் வச்சு."

அடுத்த நிமிடம் அங்கே பஞ்சாயத்து கூடிவிட்டது. ஒருவர் காப்பிப்பொடிக் கலர் என்று சாதித்தார். "போய்யா, மழ வந்தா பாசிப்பயறு கலருய்யா" என்று இன்னொருவர் துணியைப் பிடுங்கினார். கையில் வரைபடத்தோடு நானும்தான் அதே பாறையில் நின்றேன். என்னிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

தேறிய துண்டுகளை லேபுக்குக் கொண்டுவந்து மானிட்டரின்மேல் வைத்து, எது துணி, எது திரை என்று தெரியாத வரை நிறத்தை மாற்றிக்கொண்டே இருப்பாள். மொத்த வகுப்பும் தன் வேலையை விட்டுவிட்டு அவள் பின்னால் நிற்கும். நான் மட்டும் திரும்பிப் பார்க்க மாட்டேன். பார்க்காமல் இருப்பதிலேயே எனக்குப் பாதி நாள் போனது.

பெற்றோர் நாள் வந்தது. என் வலைப்பக்கத்தில் அளவுகோல், வடக்கு அம்பு, குறி விளக்கம் எல்லாம் இருந்தன. அத்தனை பாரத்தோடு அது திறப்பதற்குள் வந்தவர்கள் டீ குடிக்கப் போய்விட்டார்கள். அடுத்த மேசையில் மேட்சிங்கின் பக்கம். வரிசையாகத் துணித்துண்டுகளின் படம்; ஒன்றைத் தொட்டால், அந்த நிறம் ஊரில் எங்கே இருக்கிறதோ அந்த இடம் விரியும். வடக்கு அம்புகூடப் போடவில்லை, பாவி.

அப்பா காக்கிச் சட்டையோடு நேராக வேலையிலிருந்து வந்தார். என் மேசையைத் தாண்டி அங்கே போய் நின்றார். வெளிறிய கத்தரிப்பூ நிறத் துண்டைத் தொட்டார். மணலி அந்த நிறத்தில் விரிந்தது. வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

"எம்மா, இங்க வா! சாயங்காலம் லோடு ஏத்திக்கினு வெளிய வர்றப்ப நம்ம மணலி இப்டித்தாம்மா கீது. எத்தினி வருசமா பாத்துகினு கீறேன், யார்கிட்டயும் சொல்லத் தெரில." பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டார். "நீ போட்டதா?"

மேட்சிங் பக்கத்திலேயே நின்றாள். என் வயிறு எரிந்தது. இன்று நினைத்தாலும் எரிகிறது. அப்பாவிடம் நான் ஏங்கி ஏங்கிக் காத்திருந்த முகம் அது. ஆமாம் என்று சொன்னால் போதும், எனக்கே கிடைத்துவிடும்.

"இல்லப்பா, இவ போட்டது" என்றேன். "என் ஃப்ரெண்டு."

அவளை ஃப்ரெண்டு என்று நான் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லும்போது என்னையும் மீறிக் குரலில் கொஞ்சம் பெருமை ஏறிவிட்டது. அதற்காகவும் அவள்மேல் எனக்கு இன்னும் கோபம்தான்.