ஒரு பாக்கெட்கூட உள்ளே வரவில்லை!

பரீட்சை எழுதுகிறவர்களில் பல ரகம் உண்டு. படித்து எழுதுகிறவர், பார்த்து எழுதுகிறவர், பிள்ளையார் சுழி மட்டும் அழகாகப் போடுகிறவர் என்று. இவர்களெல்லாம் பாவம், அப்பாவிகள். நான் உங்களுக்குக் காட்டப்போகிற ஜாதி வேறு. வினாத்தாளையும் அவரே தயாரிப்பார், விடையையும் அவரே எழுதுவார், திருத்துவதும் அவரே. நூற்றுக்கு நூறு போட்டுக்கொண்டு, தெருவெல்லாம் மிட்டாய் கொடுத்துவிட்டு வருவார். இவருக்குச் சோதனைச் சூரர் என்று பெயர் வைப்போம்.

பார்த்திருப்பீர்களே? சித்திரை வெயிலில் உங்களை உள்ளே கூட்டிக்கொண்டு போய், "ஒரு சொட்டு ஒழுகுதுங்களா, பாருங்க!" என்று புது வீட்டுக் கூரையைக் காட்டுகிறவர் இவர்தான்.

கோயமுத்தூருக்கு இன்டர்நெட் வந்ததும் இந்த ஜாதிக்குப் பொற்காலம் பிறந்தது. தொண்ணூற்றொன்பதாம் வருஷம், கணபதிப் பக்கம் பம்புசெட் செய்கிற கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் பொறுப்பாக உட்கார்ந்திருந்த கோவிந்தராஜுலுவையே எடுத்துக்கொள்வோம்.

இன்டர்நெட்டில் வருகிற எதுவும் முழுசாக வருவதில்லை. சின்னச் சின்னப் பாக்கெட்டாக உடைந்துதான் வரும். யார் அனுப்பியது, எந்தக் கதவுக்குப் போக வேண்டும் என்று ஒவ்வொன்றின் மேலும் எழுதியிருக்கும். வாசலில் ஒரு கம்ப்யூட்டரை நிறுத்தி, இதை விடு, அதை விடாதே என்று விதி எழுதிக் கொடுத்துவிட்டால் அது வாட்ச்மேன் வேலை பார்க்கும். வாட்ச்மேன் முழித்திருக்கிறானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வாசலுக்கு வெளியே இன்னொரு கம்ப்யூட்டரை வைத்து, பொய் விலாசம் போட்ட திருட்டுப் பாக்கெட்டுகளைச் செய்து வீசிப் பார்க்க வேண்டும். கையால் செய்து மாளாது என்பதால், அதைச் செய்து தள்ளுவதற்கு ஸ்கிரிப்ட் என்று ஒரு குட்டிப் புரோகிராம் எழுதுவார்கள்.

கோவிந்தராஜுலுவும் எழுதினார். எப்படி எழுதினார் என்கிறீர்கள்? காலையில் வாட்ச்மேனுக்கு ஒரு விதி எழுதுவார். மத்தியானம், அந்த விதியில் கச்சிதமாக மாட்டிக்கொள்கிற மாதிரி ஒரு பாக்கெட் எழுதுவார். சாயங்காலம் வீசுவார். மாட்டிக்கொள்ளும். சந்தோஷமாக டீ குடிக்கப் போய்விடுவார். வீசிய பாக்கெட் உள்ளே வந்து சேரவில்லையென்றால் திரையில் 'தடுக்கப்பட்டது' என்று சிவப்பாக விழும். ஏன் சேரவில்லை என்று ஸ்கிரிப்ட் கேட்காது. அதை எழுதியவரும் கேட்கமாட்டார். சத்தம் இல்லையென்றால் வெற்றி, அவ்வளவுதான்.

அந்தக் கம்பெனியில் ஏற்றுமதிப் பிரிவைப் பார்த்துக்கொண்டது உம்மல் குல்சும். கோட்டைமேட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் வருகிற பெண். தற்காலிக வேலை. ஆப்பிரிக்காவில், மொம்பாசாவில் ஒரு வியாபாரியைக் கடிதம் மேல் கடிதமாக எழுதிப் பிடித்து, கரைத்து, ஆர்டர் கொடுக்கிற நிலைக்குக் கொண்டுவந்திருந்தாள். கடைசியாக ஒரு ஈ-மெயில் வரும், உடனே பதில் போட வேண்டும், பாக்கி அவ்வளவே. "அந்த ஆர்டர் வரட்டும் அம்மணி, உன்னைப் பெர்மனென்ட் பண்ணிப்போடறேன்" என்று முதலாளி நரசிம்மலு வாக்குக் கொடுத்திருந்தார்.

ஆயுத பூஜை வந்தது. லேத், டிரில்லிங் மிஷின், முதலாளியின் கார் எல்லாவற்றுக்கும் பொட்டு வைக்கிறபோது வாசல் காக்கிற கம்ப்யூட்டருக்கு வைக்காமல் விடலாமா? கோவிந்தராஜுலு அதை நிறுத்தி, ஒயர்களைக் கழற்றி, துணியால் துடைத்து, பொட்டு வைத்தார். பெட்டிக்கு நெற்றி எங்கே இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்? பின்புறம் ஒயர் சொருகுகிற பொந்துக்கு மேலே தாராளமாக அப்பினார் சந்தனத்தை. ஈரம் காய்வதற்குள் ஒயரைத் திரும்பச் சொருகி, செவ்வந்தி மாலையையும் போட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் விஜயதசமி. நல்ல நாளில் முதலாளி முன்னால் ஸ்கிரிப்டை ஓட்டினார். திரை முழுக்கத் 'தடுக்கப்பட்டது, தடுக்கப்பட்டது' என்று ஓடியது.

"ஒண்ணுகூட உள்ள வரலீங்க!"

"பலே!" என்றார் முதலாளி.

பக்கத்தில் நின்ற குல்சும் மெதுவாகக் கேட்டாள்: "ஏனுங் சார், வர வேண்டிய பாக்கெட் ஒண்ணையும் அனுப்பிப் பாத்துரலாமுங்களா?"

கோவிந்தராஜுலு சிரித்தார். சூரர்களுக்கென்றே ஒரு சிரிப்பு இருக்கிறது, குழந்தை கேட்ட கேள்விக்குச் சிரிக்கிற மாதிரி. "வர வேண்டியது தானா வருமுங்க மேடம். அதைப் போயி எவனாச்சும் டெஸ்ட் பண்ணுவானுங்களா?"

அதற்கப்புறம் ஈ-மெயில் வரவில்லை. யாருக்குமே வரவில்லை. அக்கவுன்ட்ஸில் கேட்டார்கள். "குப்பையெல்லாம் நின்னு போச்சுன்னு சந்தோஷப்படுங்க" என்று பதில் வந்தது. ஸ்டோர்ஸில் இன்டர்நெட் வேலை செய்யவில்லை என்றார்கள். "பாதுகாப்புன்னா கொஞ்சம் அப்படித்தானுங்க இருக்கும்." குல்சும் காலையிலும் மாலையிலும் வந்து நின்றாள். "உங்காளு இன்னும் அனுப்பியிருக்க மாட்டானுங்க" என்றார். புகார் வர வர அவருக்கு முகம் பூரித்தது. வாட்ச்மேன் எவ்வளவு கெட்டிக்காரன் என்பதற்கு அத்தனையும் அத்தாட்சியாம்!

கடைசியில் மொம்பாசாவிலிருந்து போன்தான் வந்தது. மெயிலுக்கு மேல் மெயில் போட்டும் பதிலில்லை, வேறு கம்பெனிக்கு ஆர்டரைக் கொடுத்துவிட்டேன் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டான் அந்த மனிதன். குல்சும் ரிசீவரைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். இந்த இடத்தில் சிரிக்க ஒன்றுமில்லை.

முதலாளி நேராகக் கம்ப்யூட்டர் அறைக்கு வந்தார். கோவிந்தராஜுலு பதறவில்லை. ஸ்கிரிப்டை மறுபடி ஓட்டிக் காட்டினார். எல்லாம் சிவப்பு.

"அது கெடக்குது. உள்ள வர வேண்டியது ஒண்ணை அனுப்புங்க."

கோவிந்தராஜுலு தன் ஸ்கிரிப்டில் மேலிருந்து கீழே தேடினார். திருடன், போக்கிரி, வேஷக்காரன் என்று எல்லா வகைப் பாக்கெட்டும் இருந்தன. யோக்கியமான பாக்கெட் ஒன்றுகூட இல்லை. அவசர அவசரமாக ஒன்றை எழுதினார். மொம்பாசாக்காரனின் மெயில் எப்படி வருமோ அப்படியே, சரியான விலாசம், சரியான கதவு. வீசினார்.

திரையில் சிவப்பாக விழுந்தது: 'தடுக்கப்பட்டது.'

கோவிந்தராஜுலுவின் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தீங்களா முதலாளி? இதைக்கூட உடலீங்க!"

குல்சும் போய் வாடிய மாலையை விலக்கினாள். ஒயர் சரியாகச் சேர்ந்திருந்தால் எரிய வேண்டிய பச்சை விளக்கு எரியவில்லை. ஒயரைப் பிடுங்கினாள். பொந்துக்குள் சந்தனம் காய்ந்து, அரண்மனைக் கதவு மாதிரி இறுகிக் கிடந்தது. பூஜை நாளிலிருந்து வாசலுக்கு வழியே இல்லை. இல்லாத வாசலைத்தான் வாட்ச்மேன் காத்துக்கொண்டிருந்தான்.

பிறகு என்ன ஆயிற்று? குல்சுமின் பெர்மனென்ட் 'அடுத்த ஆர்டர் வரட்டும்' என்று தள்ளிப்போனது. அடுத்த வருஷம் முதல் கம்ப்யூட்டருக்குச் சந்தனம் வைக்கக் கூடாது, குங்குமம் மட்டும் வைக்கலாம் என்று கம்பெனியில் சட்டம் வந்தது. ஸ்கிரிப்டில் ஒரு வரிகூட மாறவில்லை. சோதனையில் என்ன குற்றம்? எல்லாம் பாஸ்தானே!

நீங்கள் சிரிக்கிறீர்கள். நாம் அப்படியில்லை என்கிறீர்கள். நல்லது, யாரைக் கேட்டுப் பார்த்தீர்கள்? உங்களிடம் சம்பளம் வாங்குகிறவரையா? "சாம்பார் நல்லாத்தான இருக்குது?" என்று கரண்டியை ஓங்கிக்கொண்டு கேட்டீர்களே, அந்த மாப்பிள்ளையையா? போன மாசம் உங்கள் முகத்துக்கு நேரே ஒரு குறையைச் சொன்னவர் யாரென்று யோசித்துப் பாருங்கள். ஒருவரும் இல்லையா? ஒரு பாக்கெட்கூட உள்ளே வரவில்லையா?

அப்படியானால் கழுத்தில் கிடக்கிற மாலையைக் கொஞ்சம் விலக்கிப் பாருங்கள். பச்சை விளக்கு எரிகிறதா?