ஜாடித் துரையும் அரிவாள்கால் பூச்சியும்

உப்பு ஊறும் மணலில் நல்ல தண்ணீர்க் கிணறு எடுத்தவன் நான். கோட்டைக்காரர்கள் கழித்துப் போட்ட உடைசல் செங்கல்லைக் கொண்டே ஓட்டு வீடு கட்டினேன். மணலில் அரிச்சுவடி எழுதியதோடு படிப்பு முடிந்த ஆள், நான்கு தோணிகளுக்குச் சொந்தக்காரன் ஆனேன். இப்பேர்ப்பட்ட என்னையே நடுங்க வைத்தவர் ஒருவர் உண்டு. பழவேற்காட்டில் அவரைப் போல ஒரு கிறுக்கர் பிறந்ததும் இல்லை, கப்பலேறி வந்ததும் இல்லை.

அவர் ஒல்லாந்தர் என்கிற டச்சுக்காரர்களின் கோட்டை வைத்தியர். எங்களுக்கு ஜாடித் துரை. வாங்கிய சாராயத்தைக் குடிக்காமல் கண்ணாடி ஜாடியில் ஊற்றி நண்டையும் எறாலையும் மிதக்க விடுவார். "மன்சனுக்கு இல்லாத சரக்கு நண்டுக்கா?" என்று எங்கள் ஆட்கள் வயிறெரிவார்கள். எறால் பிடிக்கும் பெண்களிடம் தமிழ் கற்றவர் ஆகையால், பட்டுச் சட்டையும் தொப்பியுமாக நின்று, "இன்னாடியம்மா, இன்னிக்கு இன்னா மாட்டிச்சு?" என்பார்.

ஒரு நாள் என்னைத் தேடி வந்தார்.

"யோவ் முனுசாமி, கடலுக்கு அடியில, வெளிச்சமே போவாத எடத்துல யாரு கீறாங்க?"

"போனவன் எவனும் திரும்பி வந்து சொல்லல தொரை."

"அப்ப நாமளே கேட்டுப் பாக்கலாம் வா."

கோட்டைக் கிடங்கின் கயிறு, எங்கள் ஊர்க் கயிறு எல்லாவற்றையும் ஒன்றாக முடிந்தேன். என் தோணியில், கரை கண்ணுக்கு மறையும்வரை வெகுதூரம் போய், பனையோலையில் பின்னிய பறிக் கூடையில் எறாலைப் போட்டு, கல் கட்டி இறக்கினோம். கயிறு போய்க்கொண்டே இருந்தது. துரையோ என் இடுப்பைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். முழங்கால் தண்ணீருக்கே பயப்படும் மனிதர்.

இழுத்தபோது பறியில் எறால் இல்லை, வெறும் ஓடுதான். எங்கள் பழவேற்காட்டு ஏரியில் சேற்றைத் தடவி எறால் பிடிக்கும்போது எங்களுக்கு இரண்டு கையும் வேலையாக இருக்கும்; பறியைப் பல்லால் கவ்விக்கொள்வோம். அந்தப் பழக்கத்தில், கயிற்றை அவிழ்க்கும்போது பறியைக் கவ்வினேன். உள்ளிருந்து ஒன்று ஏறி வந்து என் மேலுதட்டைப் பிடித்தது பாருங்கள்! நான் போட்ட சத்தத்தில் துரை என்னைவிட அதிகமாகக் கத்தினார்.

பிடுங்கிப் பார்த்தோம். விரல் நீளம். சுண்ணாம்பு வெளுப்பு. முன்னங்கால்கள் மடக்கிய அரிவாள்கள். உள்ளே இன்னொன்றும் இருந்தது. "யாருமே பாக்காத ஜீவன்யா!" என்று அழுதார் துரை.

முகத்துவாரம் தாண்டி ஏரிக்கரைக்கு வந்து ஜாடிக்கு மாற்றும்போது என் கை தவறி, ஒன்று ஏரியில் விழுந்துவிட்டது.

என் வீங்கிய உதட்டைப் பார்த்தே ஊர் பாதி செத்தது. குட்டி போட்டு ஏரி எறாலையெல்லாம் தின்றுவிடும் என்றார்கள். அப்புறம் மனிதரைத்தான் தின்னும் என்றார்கள். யாரும் தண்ணீரில் கை வைக்கவில்லை. பாசி காலில் உரசினால் மீசைக்காரர்களே அலறினார்கள். மூன்றாம் நாள் எந்த வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. என் மனைவி கன்னியம்மா என்னைப் பார்த்து, "நாலு தோணி வச்சிகினு கீறே, நாலு எறாலுக்கு வழியக் காணோம்" என்றாள்.

ஊரே திரண்டு துரையிடம் போனோம்.

"அது ஆழத்துப் பூச்சி. இங்க வந்த அன்னிக்கே செத்துருக்கும்பா" என்றார்.

"நீங்க கைவுட்டுப் பாத்தீங்களா தொரை?" என்றாள் கன்னியம்மா.

துரை ஏரியைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். அவள் கையிலிருந்த பறியை வாங்கிப் பல்லில் கவ்வி, ஏரியில் இறங்கினார். முழங்கால், தொடை, இடுப்பு. கரையில் இருந்தே அவர் முதுகு நடுங்குவது தெரிந்தது. குனிந்து சேற்றைத் தடவினார். திடீரென்று "ஆ!" என்ற அலறல், பறி மிதந்தது. ஊரில் பாதி ஓட்டமெடுத்தது. முன்னால் ஓடியவன் நான்.

திரும்பிப் பார்த்தால், துரை தலைக்கு மேல் கையைத் தூக்கி நிற்கிறார். விரலில் எறால் துள்ளுகிறது. "எறாலுதான்யா! நம்ம எறாலு!" என்று அழுதுகொண்டே சிரிக்கிறார். கன்னியம்மா முதலில் இறங்கினாள். பிறகு மற்றவர்கள்.

அடுத்த மழைக்காலக் காய்ச்சலில் துரை போய்விட்டார். அந்தப் பூச்சியின் படத்தைத் தன் தேசத்துக்கு அனுப்பியிருந்தார். கீழே அவர் பெயர் மட்டும் இருக்கிறதாம். தோணி யாருடையது? கயிற்றை முடிச்சுப் போட்டது யார்? கடி வாங்கிய உதடு யாருடையது? ஒல்லாந்தர் யாராவது இதைப் படித்தால், முனுசாமி என்ற பெயரையும் அதில் எழுதியாக வேண்டும். அவர் பெயருக்கு மேலே வேண்டாம். பக்கத்திலேயே, இடைவெளி விடாமல், ஒட்டினாற்போல எழுதுங்கள். மனிதர் தனியாக இருந்தால் பயப்படுவார்.