ஒரு மானும் விழக்கூடாத வேட்டை

காலை ஐந்தே முக்கால். ஆட்கள் நான்கு. எங்களை மலைக்குக் கூட்டிப் போகும் கைடின் பெயர் டெபி.

அன்றைக்கு எனக்கு இருந்தது ஒரே வேலை. மான் வேட்டைக்குப் போக வேண்டும். மான் எதுவும் சாகாமல் திரும்பி வர வேண்டும்.

இரண்டாவது பாதியை டெபியிடம் நாங்கள் சொல்லவில்லை.

'நாங்கள்' என்றால் நானும் குகனும். குகன் ஆக்லாந்தின் புறநகரான ரானுயியில் எங்கள் தெருக்காரர். யாழ்ப்பாணத்தில் பிறந்து ஆக்லாந்தில் வழுக்கை விழுந்தவர். அவர் மகள் அபிராமிக்கு மே மாதம் கல்யாணம். மாப்பிள்ளை உள்ளூர் வெள்ளைக்காரப் பையன். பையனின் அப்பா கிரெக், ஒனிஹங்காவில் படகு எஞ்சின் ரிப்பேர் பட்டறை வைத்திருக்கிறார். தங்கமான மனிதர். ஒரே ஒரு குறை, ஏப்ரல் பிறந்தால் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு மலையேறிவிடுவார்.

நிச்சயம் பேச வந்த அன்று, குகன் வீட்டு உளுந்து வடையில் ஐந்தாவதைக் கையில் எடுத்துக்கொண்டு கிரெக் சொன்னார்.

"எங்க குடும்பத்துல ஒரு வழக்கம் இருக்கு. கல்யாணத்துக்கு முன்னாடி ரெண்டு அப்பாவும் சேர்ந்து வேட்டைக்குப் போவாங்க. கிடைக்கிற மான் கல்யாண விருந்துக்கு."

சமையலறையில் ஒரு பாத்திரம் விழுந்தது. விழுந்ததா, போடப்பட்டதா என்று இன்றுவரை தெரியாது.

அவர்கள் போனதும் குகனின் மனைவி ரதி வெளியே வந்தார்.

"மணவறை இருக்கிற மண்டபத்தில மாமிசம் வந்தா நான் அந்த வாசலே மிதிக்க மாட்டன். நீங்களே எல்லாத்தையும் நிண்டு நடத்துங்கோ."

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். குகன் ஒன்றும் சைவம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அவர் கராஜில் ஆட்டிறைச்சிக் கறி கொதித்தால் எங்கள் வீட்டில் ரசம் சாப்பிடுகிற எனக்குக் கண்ணீர் வரும். ஆனால் கல்யாண வீடு என்றால் மரக்கறிதான். அதில் அவருக்கும் ரதிக்கும் இரண்டு கருத்தில்லை. கருத்து இருந்தாலும் ரதியிடம் சொல்லமாட்டார்.

நல்ல வேளை, வடை தின்றுகொண்டிருந்த கிரெக்கிடம் குகன் ஒரு கேள்வி கேட்டு வைத்திருந்தார். "மான் கிடைக்காட்டி?"

"கிடைக்கலன்னா நீங்க போடுறதைச் சாப்பிடுவோம். இலையில போட்டாலும் சரி. கை குடு, மேட்!"

கை குலுக்கிவிட்டார்கள். மறுநாளே குகன் என் வீட்டுக்கு வந்தார்.

"அண்ணை, நீங்களும் வரோணும்."

"நான் எதுக்கு?"

"ஃபோட்டோ எடுக்க எண்டு சொல்லியிருக்கிறன்."

"உண்மையில எதுக்கு?"

"மான் வந்தால் நீங்கள் தும்மோணும்."

மதுரையில் தினசரிப் பத்திரிகையில் தலை நரைக்கும்வரை உட்கார்ந்தவன் நான். எத்தனையோ செய்திகளை அச்சுக்குப் போகாமல் நிறுத்தியிருக்கிறேன். ஒரு மானை நிறுத்த முடியாதா?

"தும்மிருவோம்" என்றேன்.

தென்தீவின் வடக்கு மூலையில் இருக்கிறது அந்த மலை. முந்தின நாளே விமானத்தில் நெல்சன், விடியுமுன் அங்கிருந்து ஜீப், ஜீப் பாதை முடிந்த இடத்தில் நடை. நடப்பதற்கு முன் டெபி எங்கள் பைகளைத் தரையில் கொட்டச் சொன்னார். ஐம்பது வயதிருக்கும். சிரிப்பதற்குத் தனியாகக் கட்டணம் வாங்குவார் போலிருந்தது.

கிரெக்கின் பையில் கயிறு, கத்தி, காலுறை. டெபி தலையாட்டினார்.

குகனின் பையில் முறுக்கு, ரோல்ஸ், பருத்தித்துறை வடை, இரண்டு போத்தல் தைலம்.

டெபி முறுக்கைக் கடித்துப் பார்த்தார். பள்ளத்தாக்கில் எதிரொலித்தது. "இது ஜீப்புலயே இருக்கட்டும்" என்றார். தைலத்தை மூடி திறந்து மோந்தார். கண்ணில் நீர் வந்தது. "இது ரெண்டு ஜீப் தள்ளி இருக்கட்டும்."

என் பையிலிருந்து வளைந்த ஸ்டீல் பட்டை ஒன்றை எடுத்தார்.

"இது என்ன? கண்ணியா?"

"டங் கிளீனர். காலைல நாக்கு வழிக்கிறது."

திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சத்தம் வருமா?"

"இதுலேருந்து வராது" என்றேன். பொய் இல்லை. அந்தப் பட்டைக்கு ஒரு பாவமும் தெரியாது.

நடந்தோம். கிரெக்கும் டெபியும் நடந்தார்கள், நாங்கள் பின்னால் மூச்சு வாங்கினோம். ஒரு மேட்டில் டெபி நின்றார். இடுப்பிலிருந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் குப்பியை எடுத்து அழுத்தினார். வெள்ளைப் பொடி புகையாக எழுந்து காற்றில் போனது. அதைக் கொஞ்ச நேரம் பயபக்தியோடு பார்த்துக்கொண்டு நின்றார். கிரெக்கும் தொப்பியைக் கழற்றினார்.

எனக்கு மெய் சிலிர்த்துவிட்டது. வேட்டைக்கு முன் மலைக்குப் பூஜை! எந்த ஊராக இருந்தால் என்ன, வழக்கம் வழக்கம்தான். குப்பிக்குக் கையை நீட்டினேன். டெபி யோசனையோடு கொடுத்தார். உள்ளங்கையில் கொஞ்சம் தட்டி, ஷூவைக் கழற்ற முடியாத குறையோடு கண்ணை மூடி, நெற்றியில் மூன்று விரலால் பட்டையாக இழுத்தேன். குகனுக்கும் வைத்துவிட்டேன்.

கண்ணைத் திறந்தால் இரண்டு பேரும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அது காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாக்குற பவுடர்" என்றார் டெபி.

கிரெக் தொப்பியைக் கழற்றியது வேர்வை துடைக்க.

"என்ன அண்ணை, குழந்தைப் பிள்ளையளின்ட பவுடர் மணக்குது" என்றார் குகன்.

டெபி பொறுமையாக விளக்கினார். மானுக்குக் கண்ணைவிட மூக்கு பெரிது. காற்று அதன் பக்கமிருந்து நம் பக்கம் வீச வேண்டும். வெயில் ஏறினால் மலையில் காற்று திசை மாறும், அப்போது நம் வாடை அதற்குப் போய்விடும், அதோடு கதை முடிந்தது.

குகன் என் விலாவில் இடித்தார். அவர் எதையும் இவ்வளவு கவனமாகக் கேட்டு நான் பார்த்ததில்லை.

இது ஆண் மான்கள் துணைக்கும் எல்லைக்கும் சண்டை போடும் பருவம். ஒன்று கத்தினால் இன்னொன்று 'எவன்டா அவன்' என்று தேடி வரும். அதனால் வேட்டைக்காரர்களே மான் மாதிரி கத்துவார்கள். டெபி ஒரு பிளாஸ்டிக் குழாயை வாயில் வைத்து ஊளையும் ஏப்பமும் கலந்த மாதிரி ஒரு சத்தம் கொடுத்தார். மலை பதில் சொல்லவில்லை. நாள் முழுக்கக் கத்தினார். சாயங்காலம் எங்கோ தூரத்தில் ஒன்று லேசாக முனகியது.

கடமை அழைத்தது. தும்மினேன்.

மலை மறுபடி அமைதியானது.

"சளியா?" என்றார் டெபி.

"பவுடர்" என்றேன்.

அன்றைக்கு மான் இல்லை. மலைக்குடிசையில் படுக்கும்போது குகன் காதோரம் வந்தார். "நாளைக்கு மத்தியானம் பிளேன் அண்ணை. காலமை மட்டும் சமாளிச்சால் போதும்." பிறகு ஜட்டியில் தைத்திருந்த பைக்குள்ளிருந்து ஒரு தைலப் போத்தலை எடுத்தார். மூன்றாவது! "குளிருது, நெஞ்சில பூசுங்கோ." இரண்டு பேரும் தாராளமாகப் பூசிக்கொண்டோம்.

"என்ன வாசனை அது?" என்று இருட்டில் டெபியின் குரல்.

"மலைப் பூ" என்றார் குகன்.

விடிந்தது. நான் லுங்கியோடு, மேலே வேட்டைக்காரர்கள் எல்லோரும் போடும் ஆரஞ்சு நிறச் சட்டையோடு, குடிசைக்குப் பின்னால் ஓடைக்குப் போனேன். பல் தேய்த்தேன். டங் கிளீனரை எடுத்தேன்.

மதுரையில் வளர்ந்தவன் நாக்கு வழிப்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை. அடிநாக்குவரை போக வேண்டும். வயிற்றிலிருந்து வர வேண்டும். ஆக்லாந்தில் பக்கத்து வீட்டுக்காரர் ஒருமுறை ஆம்புலன்சைக் கூப்பிட்டார். அதிலிருந்து வீட்டில் வாயை மூடியே வழிக்கிறேன். இங்கேதான் யாருமில்லையே! பல வருடக் கடனை ஒரே மூச்சில் தீர்த்தேன்.

"ஆஆஆக்க்... ஓஓஓக்க்... ஹாஆஆக்!"

எதிர்ச்சரிவின் பனிமூட்டத்திலிருந்து பதில் வந்தது.

"ஆஆஆஓக்க்!"

குகன் அங்கே போய் வழிக்கிறார் போல என்று நினைத்தேன். யாழ்ப்பாணத்து முறை கொஞ்சம் கனமாக இருந்தது. மதுரையின் மானம் என்று ஒன்று இருக்கிறதே? இன்னும் உள்ளே விட்டு இழுத்தேன்.

பதிலும் இன்னும் பக்கத்தில் வந்தது. செடிகள் முறிந்தன.

"மெதுவா வாங்க குகன், வழுக்கும்!" என்றேன்.

பனி விலகியது. குகனுக்குக் கொம்பு கிடையாது.

ஓடைக்கு அந்தப் பக்கம், ஒரு கிரிக்கெட் பிட்ச் தூரத்தில், மாடு அளவுக்கு ஒரு மான். தலையில் பாதி மரம். கழுத்து முடி சிலிர்த்து, மூக்கில் புகை விட்டு, 'எவன்டா அவன்' என்று என்னைப் பார்த்தது. நான் லுங்கியில், வாயில் நுரையோடு, கையில் டங் கிளீனரோடு நின்றேன்.

மெல்லத் தலையைத் திருப்பினேன். குடிசை மூலையில் டெபி. அவர் பக்கத்தில் கிரெக் மண்டி போட்டுத் துப்பாக்கியைத் தோளில் வைத்திருந்தார். இருவருக்கும் பின்னால் நிஜக் குகன், சாம்பல் நிறத்தில்.

"நிறுத்தாத! இன்னொரு தடவை பண்ணு!" என்று கிசுகிசுத்தார் டெபி.

அப்போதுதான் கிரெக்குக்கு ஒரு சிக்கல் தெரிந்தது. அவருக்கும் மானுக்கும் நடுவில் நேர்கோட்டில் நான்.

"உக்காரு! இடது பக்கமா உக்காரு!" டெபி கையால் அழுத்திக் காட்டினார்.

அவர் முதுகுக்குப் பின்னால் குகன் இரண்டு கையும் கூப்பி, அசையாதேங்கோ, அசையாதேங்கோ என்று தலையை ஆட்டினார். மகளின் கல்யாணம், மனைவியின் வாசற்படி, இலை போட்ட பந்தி எல்லாமே அந்தக் கூப்பிய கைக்குள் இருந்தன.

நண்பனுக்காகத் துப்பாக்கிக்கும் கொம்புக்கும் நடுவில் மலை போல நின்றேன் என்றுதான் ரானுயியில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். இங்கே உண்மையை எழுதுகிறேன். உட்காரத்தான் பார்த்தேன். முட்டி மடங்கவில்லை. என் கால் அன்றைக்கு யார் சொல்லியும் கேட்கிற நிலையில் இல்லை.

பயத்தில் தொண்டை மட்டும் தானாக வேலை செய்தது. "ஓஓக்க்!"

மான் ஒரு அடி முன்னால் வைத்தது.

அந்த நேரத்தில் என் பிடரியில் சூடு பட்டது. வெயில் மேட்டைத் தாண்டிவிட்டது. லுங்கி லேசாக முன்பக்கம் படபடத்தது. காற்று திரும்பிவிட்டது! என் நெஞ்சிலும் குகன் நெஞ்சிலும் இருந்த மலைப் பூ மொத்தமும் ஓடையைத் தாண்டிப் போனது.

மான் மூக்கைத் தூக்கியது. முகத்தைச் சுளித்தது. பிறகு, நான் முந்தின நாள் பொய்யாகச் செய்ததை அது நிஜமாகச் செய்தது. தும்மியது. திரும்பி, மூன்று தாவலில் பனிக்குள் போய்விட்டது.

கிரெக் துப்பாக்கியிலிருந்து தோட்டாவை எடுத்தார். என்னிடம் நடந்து வந்தார். அடிக்கப் போகிறார் என்றே நினைத்தேன்.

"மேட்... இதை எங்க கத்துக்கிட்ட?"

"எங்க ஊர்ல எல்லாரும் பண்ணுவாங்க. விடிகாலைல தெருவே பண்ணும்."

கிரெக் சிரிக்க ஆரம்பித்தார். ஓடைக் கல்லில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வழிய. டெபி சிரிக்கவில்லை. தன் பிளாஸ்டிக் குழாயை ஒருமுறை பார்த்தார், என் டங் கிளீனரை ஒருமுறை பார்த்தார். "இது எங்க கிடைக்கும்?" என்று மட்டும் கேட்டார்.

ஜீப்புக்கு இறங்கும் வழியில் குகன் என் தோளில் கை போட்டார்.

"துவக்குச் சத்தம் கேக்காமல் திரும்புறம் அண்ணை. ஊரில கேட்டதே எனக்குப் போதும்."

ஜீப்பில் ஏறியதும் முறுக்கை உடைத்து ஆளுக்குப் பாதி தின்றோம்.

மே மாதம் கல்யாணம் நடந்தது. வாழையிலை, மரக்கறி, இரண்டு பாயசம். கிரெக் வேட்டி கட்டி, பெல்ட்டும் கட்டி, கத்தரிக்காய்க் குழம்பை மூன்று தடவை வாங்கினார். வாழ்த்துப் பேச்சில் என்னை மேடைக்குக் கூப்பிட்டு, மைக்கைக் கொடுத்து, அந்தச் சத்தத்தை ஒருமுறை போட்டுக் காட்டச் சொன்னார். பந்தி நடக்கிறது என்று மறுத்துவிட்டேன். ரதி எனக்கு மூன்றாவது கப் பாயசம் வைத்தார். என் மனைவி கிரெக்கின் தாம்பூலப் பையில் தேங்காயோடு ஒரு புது டங் கிளீனரையும் போட்டுக் கொடுத்தாள்.

இந்த ஏப்ரல் இரண்டாவது சனிக்கிழமை, கிரெக் அதை எடுத்துக்கொண்டு தனியாக அதே மலைக்குப் போய், அதே ஓடையில் நின்று, அடிநாக்குவரை விட்டு இழுத்தார். மான் வரவில்லை. காலையில் சாப்பிட்டது வந்தது.