கித்தா ஆபீஸில் பனி பெய்த நாள்

மரம் வாசலில் மாட்டிக்கொண்டது. நுனி உள்ளே போய் பைல் அலமாரியில் முட்டிக்கொண்டு நிற்க, அடிப்பக்கம் இன்னும் மலாக்காவின் காஜா பெராங் சடக்கில், நடுத்தெருவிலேயே கிடந்தது.

"கிராணியாரே, இது உள்ள வராது," என்றார் பியூன் அப்பாசாமி, வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டே. "ஆபீஸைத்தான் வெளிய கொண்டாரணும்."

கலியாணசுந்தரத்துக்குச் சிரிப்பு வரவில்லை. மணி பத்து. மூன்று மணிக்கு மெக்கின்னன் துரை கித்தாத் தோட்டத்தில் ரப்பர் பால் கணக்குப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார். அதற்குள் ஆபீஸ் முழுக்கக் கிறிஸ்மஸ் மணக்க வேண்டும்.

நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்து நாலு மாதம் ஆகிறது. ஜனவரியில் துரை ஒரேயடியாக ஊருக்குக் கப்பலேறுகிறார். ஏறுவதற்கு முன், தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணியின் நாற்காலி யாருக்கு என்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போவார். அந்த நாற்காலியைப் பன்னிரண்டு வருஷமாகப் பக்கத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருப்பவர் கலியாணசுந்தரம்.

இடைஞ்சல், பக்கத்து மேசை தேவதாஸ். வேலையில் சேர்ந்து பத்து வருஷம்தான். ஆனால் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன். சேர்ந்த வருஷமே ஆபீஸில் கிறிஸ்மஸ் மரம் வைத்துத் துரையின் கண்ணில் பட்டுவிட்டான்.

மரத்தைக் கண்டதும் துரையின் முகம் தொங்கிப்போனது. "பாவம், ஊர் ஞாபகம்," என்று ஆபீஸே உச்சுக்கொட்டியது. மறு வருஷம் மரம் ஒரு முழம் வளர்ந்தது, ஜிகினாத்தாள் கூடியது. துரையின் முகம் இன்னும் கொஞ்சம் தொங்கியது. இப்படியே பத்து வருஷம்.

இந்தத் தடவை கலியாணசுந்தரம் முந்திக்கொண்டார். "தம்பி, கடைசி கிறிஸ்மஸ். நான் பார்த்துக்கிறேன்."

"உங்களுக்குப் பழக்கம் இல்லையேண்ணே," என்றான் தேவதாஸ்.

"தைப்பூசத்துக்குக் காவடி கட்டுறவன்டா நான். ஒரு மரம் கட்ட மாட்டேனா?"

காலையில் மனைவி கமலவேணி பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கிறிஸ்மஸ் மரம் நல்லபடியாக அமைய வேண்டிக்கொண்டு, அவர் நெற்றியில் திருநீறும் பூசி அனுப்பியிருந்தாள். "அந்த நாற்காலி மட்டும் கிடைக்கலைன்னு வைங்க, நாளைக்கு அந்தப் பையன்கிட்டதான் நீங்க லீவு லெட்டரை நீட்டிக்கிட்டு நிக்கணும்," என்றும் சொல்லியிருந்தாள்.

அதனால்தான் தெங்கேரா கடற்கரையிலிருந்து மாட்டுவண்டி வைத்து இத்தனை பெரிய சவுக்கு மரம்.

"ரெண்டு முழம் வெட்டுங்க அப்பாசாமி," என்று சொல்லிவிட்டு, வண்டிக்காரரை அனுப்பிவைக்கப் போனார். திரும்பி வந்தால் மரம் உள்ளே கிடந்தது. நுனியைக் காணோம்.

"நுனியையா வெட்டினீங்க?"

"அதுதானே கைக்குக் கிட்ட இருந்துச்சு. சடக்குல போய்க் குனிஞ்சா எனக்கு இடுப்புப் புடிச்சிக்கும்."

மண்ணெண்ணெய் டின்னில் மணல் போட்டு மரத்தை நிறுத்தினார்கள். மொட்டைத் தலையோடு அது தேய்ந்துபோன வாருகோல் மாதிரி நின்றது. நட்சத்திரத்தை வைக்க இடமில்லை. அதைப் பற்றிக் கவலைப்படுவதற்குள் கலியாணசுந்தரம் "ஆ!" என்று துள்ளினார். மரத்தோடு ஒரு கூடு கெரெங்கா எறும்பும் குடிவந்திருந்தது. ஒன்று அவர் சட்டைக்குள்ளேயே வீடு பார்க்கக் கிளம்பிவிட்டது.

"எறும்புக்கு மஞ்சள்தூள்தான் மருந்து," என்றார் அப்பாசாமி.

எதிர்க்கடையில் ஒரு கட்டி எடை நிறுத்து வாங்கி, மரம் பூராவும் தூவினார்கள். பாதி எறும்பு இறங்கிப் போனது. மீதி பாதி, மேலே போய் உட்கார்ந்துகொண்டது. மரமோ, மஞ்சள் தண்ணீர் தெளித்த கோயில் ஆடு போல ஆகிவிட்டது.

தேவதாஸ் தன் மேசையிலிருந்து எட்டிப் பார்த்தான். "அண்ணே, மாரியம்மனுக்கா?"

"வேலையைப் பாருடா!"

மஞ்சளை மறைக்க வேண்டும். எதைக் கொண்டு மறைப்பது? பனி! வெள்ளைக்காரர் நாட்டுக் காலண்டரில் மரமெல்லாம் வெள்ளையாகத்தானே இருக்கிறது? இரண்டு சந்து தள்ளியிருந்த வீட்டுக்கு ஓடினார்.

"தலைகாணியை அறுக்கவா? எங்கம்மா கல்யாணத்துக்குக் குடுத்ததுங்க!" என்றாள் கமலவேணி.

"நாற்காலி வேணுமா, தலைகாணி வேணுமா?"

அவள் ஒரு விநாடி யோசித்தாள். பிறகு இரண்டு தலையணைகளையும் எடுத்து நீட்டினாள்.

இலவம்பஞ்சு மரத்தில் நன்றாகத்தான் ஒட்டியது. ஆனால் கடல்காற்று சன்னல் வழியே லேசாக எட்டிப் பார்த்ததும், பஞ்சு ஊர்வலம் கிளம்பிவிட்டது. சன்னல்களை எல்லாம் அடைத்தார்கள். மின்விசிறியையும் நிறுத்தினார்கள். டிசம்பர் மழை வருமா வராதா என்று மிரட்டிக்கொண்டிருந்த புழுக்கத்தில் ஆபீஸே இட்லிச்சட்டியானது. பஞ்சின் கனமோ, மணலின் குறையோ, அந்த நேரம் பார்த்து மரமும் சாயத் தொடங்கியது.

"மேல எதுலயாச்சும் கட்டுங்க!" என்று கத்தினார் கலியாணசுந்தரம், மரத்தைக் கட்டிப்பிடித்தபடி. எறும்புகள் அந்த அன்பைத் தவறாக எடுத்துக்கொண்டன.

அப்பாசாமி மேசைமேல் ஏறி, சணல் கயிற்றால் மரத்தின் உச்சியை மேலே இழுத்துக் கட்டினார். மிச்சக் கயிற்றில் நட்சத்திரத்தையும் தொங்கவிட்டார். மரம் நிமிர்ந்தது. கலியாணசுந்தரமும் நிமிர்ந்தார்.

"எதுல கட்டினீங்க?"

"பேன்லதான். கம்பி எட்டலை. ரெக்கையில கட்டிட்டேன்."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். குரங்காவது நிற்கும். அவிழ்த்துக் கட்ட நேரமில்லை, வாசலில் துரையின் கார் சத்தம் கேட்டுவிட்டது. கலியாணசுந்தரம் பாய்ந்து போய், வாசல் பக்கத்துச் சுவிட்சில் முதுகை வைத்து அழுத்தி நின்றுகொண்டார். உயிரே போனாலும் அந்த இடத்தை விட்டு நகர்வதில்லை என்பது அவர் முடிவு.

துரை உள்ளே வந்தார். பின்னால் டிரைவர் சிஹாபுதீன் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். மரத்தைப் பார்த்ததும் துரையின் முகம் வழக்கம்போலத் தொங்கியது.

பன்னிரண்டு வருஷப் பழக்கம் யாரை விட்டது? துரையைக் கண்டால் நாலடி முன்னே போய்க் கும்பிட்டே தீர வேண்டும். கலியாணசுந்தரம் நாலடி முன்னே போய்க் கும்பிட்டார். சுவிட்ச் அநாதையாக நின்றது. பன்னிரண்டு வருஷமாக உள்ளே நுழைந்ததும் மின்விசிறியைப் போடுகிற துரையின் கை, தன்பாட்டுக்கு அதைத் தட்டியது.

மரம் முதலில் தயங்கியது. பிறகு டின்னோடு ஒரு சுற்றுச் சுற்றி, இரண்டாவது சுற்றில் தரையை விட்டுக் கிளம்பியது. கயிறு அறுந்தது. மலாக்கா பிறந்த நாளிலிருந்து பார்த்திராத பனி, அந்தக் கித்தா ஆபீஸில் கொட்டு கொட்டென்று கொட்டியது. நட்சத்திரம் பறந்துபோய்த் தேவதாஸின் மைக்கூட்டில் இறங்கியது. மஞ்சள்தூள், மணல், எறும்பு எல்லாம் அவரவர் வசதிப்படி விழுந்தன.

யாரோ விசிறியை நிறுத்தினார்கள். துரை தலையிலும் மீசையிலும் பஞ்சோடு நின்றார்.

"யார் செய்தது?" என்று தன் கொச்சைத் தமிழில் கேட்டார்.

"எல்லாமே கலியாணசுந்தரம் அண்ணன்தான் சார்," என்றான் தேவதாஸ், இதுவரை காட்டியிராத தாராளத்தோடு. "நான் கையே வைக்கலை."

கலியாணசுந்தரம் தலையிலிருந்த பஞ்சைத் தட்டிவிட்டுக்கொண்டார். நாற்காலி போனால் போகிறது, இருக்கிற முக்காலியாவது மிஞ்சுமா?

துரை கிட்டே வந்தார். கலியாணசுந்தரத்தின் கையைப் பிடித்தார். பிடித்தவர் விடாமல் குலுக்கினார்.

"நீதான் பெரிய கிராணி," என்றார்.

பிறகு யார் தடுத்தும் கேளாமல், விழுந்து கிடந்த மரத்தைத் தாமே அடியைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்ச் சடக்கோரக் கால்வாயில் தள்ளினார். சீட்டியடித்துக்கொண்டே காரில் ஏறினார். அவர் சீட்டியடித்து அந்த ஆபீஸ் கேட்டதே இல்லை.

துரை மறந்துவிட்ட தொப்பியை எடுக்கத் திரும்பி வந்த சிஹாபுதீனை எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள்.

"பாய், துரைக்குப் புத்தி ஏதும் பேதலிச்சுப்போச்சா?" என்றார் கலியாணசுந்தரம், கையைச் சொறிந்துகொண்டே.

சிஹாபுதீன் தொப்பியிலிருந்த பஞ்சை ஊதினார். "அட நீங்க ஒண்ணு! அவரு ஸ்காட்லாந்துக்காரரு, அவங்க சபையில கிறிஸ்மஸே கெடையாதாம். நீங்க எல்லாம் ஆசையா செய்யறீங்க, மனசு நோகக்கூடாதுன்னு பத்து வருஷமா பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்திருக்காரு. இப்பக் கார்ல ஏறினதும் என்ன சொன்னாரு தெரியுமா? 'உங்களுக்கு ஆகஸ்ட்லயே மெர்டேக்கா கெடச்சிருச்சு சிஹாபுதீன், எனக்கு இன்னிக்குத்தான் கெடச்சுது'ன்னாரு!"